800 மீட்டருக்கு முன்னால் எந்தப் பாட்டு கேட்கலாம்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓடுகிறீர்கள், இதுவரை ஓடியதில் நல்ல நேரம் 2:02. போட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் 'மாஸ்' பாட்டுகளாகப் போட்டு இயர்ஃபோனில் முழுச் சத்தத்தில் கேட்கிறீர்கள். அப்படியும் இரண்டாவது லேப்பில் (400 மீட்டர்ச் சுற்றில்) கால் கல்லாகிவிடுகிறது. முதல் லேப் 56 வினாடி, இரண்டாவது 66. இன்னும் வெறியேற்றுகிற பாட்டு எது, பீட் எத்தனை இருக்க வேண்டும், விலை கூடிய இயர்பட்ஸ் வாங்கினால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் கேட்டிருக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. பாட்டு ஏற்றிவிட வேண்டிய ஆளா நீங்கள், இறக்கிவிட வேண்டிய ஆளா? அந்த 56-ஐயும் 66-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீங்கள் இரண்டாவது வகை என்றே எனக்குப் படுகிறது.

நான் பட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) பயிற்சியாளர் டிப்ளமோ முடித்தவன். பத்தொன்பது வருடமாக நடுத்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உளவியல் நிபுணரோ மருத்துவரோ அல்ல, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் சொல்வதில் எது ஆய்வில் வந்தது, எது மைதானத்தில் நான் பார்த்தது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் லேப் கணக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91-இல் உலக சாதனை படைத்தபோது முதல் லேப் 49.28. கழித்துப் பார்த்தால் இரண்டாவது லேப் 51.63. 800 மீட்டரில் முதல் லேப் கொஞ்சம் வேகமாக இருப்பது வழக்கம்தான், ஆனால் உலகத்திலேயே வேகமான அந்த ஓட்டத்தில்கூட வித்தியாசம் இரண்டரை வினாடிக்குள். உங்களுடையது பத்து வினாடி. இந்தத் தூரத்தில் உடல் செலவழிக்கும் சக்தியில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. முதல் 200 மீட்டரை அளவுக்கு மீறி அடித்துவிட்டால் தசைக்குள் அமிலத்தன்மை சீக்கிரமே ஏறிவிடும், கடைசி 250 மீட்டருக்குக் காலைத் தூக்கவே முடியாது. உங்களுக்கு மூச்சுத்திறன் குறைவு என்று சொல்ல 56-66 மட்டும் ஆதாரமாகாது. 56 ஓடக்கூடியவர் 59-இல் போய் 61-இல் திரும்பினால் இரண்டு நிமிடம். அந்த 59-ஐ ஓட விடாமல் உங்களை விரட்டுவது எது என்பதுதான் கேள்வி. அரை மணி நேரம் காதுக்குள் அடித்த பறையும் பேஸும் அதில் பங்கு வகிக்கின்றன என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இதே மாதிரி ஒரு பையன் என்னிடம் இருந்தான். 1500 மீட்டர் ஓடுவான். ஒரு மண்டலப் போட்டியில் கேலரி நிழலில் உட்கார்ந்திருந்தான். ஹெட்செட் தலையில், தாடை இறுகிப் போயிருந்தது, முழங்கால் இரண்டும் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. மணிக்கட்டைப் பிடித்து 15 வினாடி எண்ணினேன், 29 துடிப்பு. நிமிடத்துக்கு 116. வார்ம்-அப் இன்னும் தொடங்கவே இல்லை! ஹெட்செட்டை வாங்கி என் காதில் வைத்தேன். ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. அன்றைக்கு முதல் 300 மீட்டர் எல்லாரையும் விட்டுப் பத்தடி முன்னால் ஓடினான், கடைசியில் ஒன்பதாவதாக வந்தான். அடுத்த போட்டிக்கு அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: உனக்குத் தூக்கம் வருகிற மாதிரி சுகமாக இருக்கிற பாட்டு எது? கொஞ்சம் கூச்சப்பட்டு, அப்பாவின் டீக்கடையில் ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்கு ரேடியோவில் ஓடுகிற எண்பதுகளின் மெலடி ஒன்றைச் சொன்னான். அதைச் சன்னமாக வைத்துக் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு, கால் நீட்டி. துடிப்பு 84-இல் நின்றது. அந்த ஓட்டத்தில் முதல் லேப் மூன்று வினாடி மெதுவாகப் போய், இரண்டாவதாக முடித்தான். இடைப்பட்ட நான்கு மாதம் நன்றாகப் பயிற்சியும் செய்திருந்தான் என்பதால், எல்லாம் பாட்டால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 116-உம் 84-உம் என் விரலில் உணர்ந்தவை.

ஆய்வுகளுக்கு வருகிறேன். இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராகியோர்கிஸ். 1996-இல் அவரும் இன்னும் இருவரும் 50 மாணவர்களை வைத்து ஒரு எளிய சோதனை செய்தார்கள். கைப்பிடி பலத்தை அளப்பதற்கு முன் ஒரு தடவை துள்ளலான இசை, ஒரு தடவை அமைதியான இசை, ஒரு தடவை வெறும் இரைச்சல். துள்ளலான இசைக்குப் பிறகு பிடி கூடியது. அமைதியான இசைக்குப் பிறகு, வெறும் இரைச்சல் கேட்டதைவிடவும் குறைந்தது. போட்டிக்கு 'முன்னால்' கேட்கிற இசை உடம்பைத் தொடுகிறது என்பதற்கு இது நேரான சான்று. அதோடு, இசை இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய குமிழ் என்பதற்கும் இதுவே சான்று. உங்கள் நண்பர் குண்டு எறிபவராகவோ பளு தூக்குபவராகவோ இருந்தால், குமிழை மேலே திருப்பச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இருக்காது. ஒரு நொடியில் மொத்தத்தையும் கொட்ட வேண்டிய விளையாட்டு அது. உங்களுடையது அப்படி இல்லை. கொஞ்சம் பதற்றம் நல்லது, அதிகமானால் கெடுக்கும் என்ற கருத்து 1908-இல் யெர்க்ஸும் டாட்சனும் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனை தொட்டே இருக்கிறது. பின்னர் யூரி ஹானின் என்ற விளையாட்டு உளவியலாளர், அந்த 'நல்ல அளவு' ஆளுக்கு ஆள் வேறு என்று வலியுறுத்தினார். ஒருவருக்கு உள்ளே கொதிக்க வேண்டும், இன்னொருவருக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்கிற தவறைச் செய்கிறோம். நானும் முதல் ஐந்தாறு வருடம் பையன்களை வட்டமாக நிற்க வைத்துக் கத்த வைத்து அனுப்பியிருக்கிறேன்.

மெதுவான பாட்டு கேட்டால் ஓட்டத்தில் சோர்ந்துவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு வரும். பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் தங்கம் வாங்கினார். ஓட்டத்துக்கு முன்னால் அவர் கேட்டது உருக்கமான, மெதுவான சோல் பாடல்களை. அந்த 800 மீட்டர் இறுதியின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். ஆரம்பத்தில் கூட்டத்தின் பின்னால் அமைதியாக ஓடுகிறார், அவசரமே இல்லை. கடைசி நேர்ப்பாதையில் ஒவ்வொருவராகக் கடந்து 1:56.38-இல் முடிக்கிறார். மறுபக்க உதாரணமும் உண்டு. 1998-இல் பர்மிங்ஹாமில் எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி உள்ளரங்க 2000 மீட்டர் உலக சாதனையை முறியடித்தபோது, அவர் விரும்பிய ஒரு துள்ளல் பாப் பாட்டை அரங்க ஒலிபெருக்கியிலேயே ஓட விட்டார்கள். அந்தத் தாளம் தன் கால் வேகத்தோடு ஒத்துப்போகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அது ஓடும்போது ஒலித்த இசை, ஓடும் முன் கேட்டது அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் இணையத்தில் ப்ளேலிஸ்ட் போடுகிறார்கள்.

பீட் எத்தனை என்ற கேள்விக்கு வருவோம். உடற்பயிற்சியின் போது மக்கள் விரும்பும் தாள வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 140 வரை இருக்கிறது, சுமார் 145-ஐத் தாண்டினால் கூடுதல் பலன் கிடைப்பதில்லை என்பது கராகியோர்கிஸ் குழுவின் முடிவு. இந்த எண்கள் ட்ரெட்மில்லிலும் சைக்கிளிலும் பெரும்பாலும் மேற்கத்திய இசையை வைத்துக் கிடைத்தவை. நம் பாட்டுக்கு அப்படியே பொருத்தினால் ஒரு சிக்கல் வரும். நம் குத்துப்பாட்டில் பல 'சிக்ஸ் எய்ட்', அதாவது திஸ்ர நடை. ஒரு அடிக்குள் மூன்று தட்டு. செல்போன் ஆப் சில நேரம் அடியை எண்ணும், சில நேரம் தட்டை எண்ணும், ஒரே பாட்டுக்கு இரண்டு விதமான எண் காட்டும். ஆப்பை விடுங்கள். பாட்டைப் போட்டுவிட்டு உங்கள் கால் தானாக எங்கே தரையைத் தட்டுகிறதோ அதை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. 800 மீட்டர் ஓடும்போது உங்கள் கால் நிமிடத்துக்கு 190, 200 தடவை தரையைத் தொடும். அதற்குப் பொருத்தமாகப் பாட்டுத் தேட வேண்டாம். ஓட்டத்துக்கு முன் கேட்கிற பாட்டு காலை நடத்த அல்ல, மனசை ஒரு இடத்தில் நிறுத்த. உங்கள் நிலைமைக்கு 70 முதல் 100 வரை உள்ள பாட்டுகளில் தொடங்கி, கடைசியில் ஒன்றே ஒன்று 115, 120 என்று வைத்தால் போதும் என்பது என் அனுபவக் கணக்கு.

தாளத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அந்தப் பாட்டோடு உங்களுக்கு உள்ள உறவு. 1999-இல் கராகியோர்கிஸும் மற்றவர்களும் ஊக்கம் தரும் இசைக்கு நான்கு கூறுகள் சொன்னார்கள்: தாளத்துக்கு உடம்பு அசைவது, மெட்டின் அழகு, வளர்ந்த சூழலில் அந்த இசைக்கு உள்ள இடம், அது கிளப்பும் நினைவு. கடைசி இரண்டையும் வேறு யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுத் தர முடியாது. கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஓடியவள், கால் ரூமுக்கு, அதாவது ஓட்டத்துக்கு முன் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கிற அறைக்கு, போகும் முன் மல்லாரி கேட்பாள். சாமி கோயிலை விட்டுப் புறப்படும்போது நாகஸ்வரத்திலும் தவிலிலும் வாசிப்பார்களே, கம்பீர நாட்டையில், அந்த மல்லாரி. பாட்டு வரி கிடையாது, அதனால் சொல்லில் மனசு மாட்டிக்கொள்வதும் இல்லை. 'இது கேட்டா கிளம்பணும்னு தோணும் சார், பயம் இருக்காது' என்றாள். சின்ன வயதிலிருந்து புறப்பாட்டுக்கே கேட்ட இசை, புறப்பட வேண்டிய நேரத்தில் வேலை செய்தது. அதே அணியில் ஒரு பையனுக்குப் பறை அடி கேட்டால் உடம்பே சிலிர்க்கும், ஊர்த் திருவிழா கண் முன்னால் வரும். அவன் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு அதே அடி போன வருடம் இறந்த தாத்தாவின் கடைசி ஊர்வலம். ஹாஸ்டல் அறையில் ஒரே ஸ்பீக்கரில் இருவருக்கும் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காதல் தோல்விப் பாட்டும் அப்படித்தான். மெட்டு எவ்வளவு மெதுவாக இருந்தாலும், உங்களுக்கு அதில் ஒரு முகம் தெரியும் என்றால் போட்டி நாளில் அது வேண்டாம்.

பாட்டு கேட்கும் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் நம் மாவட்டப் போட்டிகள் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். அட்டவணையில் 10:30 என்று இருக்கும் 800 மீட்டர் ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), மார்ச் பாஸ்ட் முடிந்து, சிறப்பு விருந்தினர் பேசி முடித்து, பகல் 1 மணிக்கு நடக்கும். மைதானத்து ஒலிபெருக்கியிலேயே இடைவெளிக்கெல்லாம் சினிமாப் பாட்டு ஓடும். நீங்கள் 10 மணிக்கே வெறியேற்றிக்கொண்டால் மூன்று மணி நேரம் அந்தச் சூட்டிலேயே காத்திருக்க வேண்டும். பதற்றமும் உடம்பைக் களைக்க வைக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துப் பாட்டுப் போடாதீர்கள், அறிவிப்பைக் கேட்டுப் போடுங்கள். மைதானத்துக்கு வந்ததும் இயர்ஃபோன் பையிலேயே இருக்கட்டும். நண்பர்களோடு பேசுங்கள், தண்ணீர் குடியுங்கள். உங்களுக்கு முந்தின ஈவென்ட் தொடங்கியதும் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து மெதுவான பாட்டு இரண்டோ மூன்றோ, பக்கத்தில் ஆள் பேசினால் கேட்கிற அளவுச் சத்தத்தில். ஜாக்கிங்கும் ஸ்ட்ரெச்சிங்கும் செய்யும்போது கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. ஆனால் ஸ்ட்ரைட்ஸ், அதாவது வார்ம்-அப் கடைசியில் ஓடுகிற குட்டி வேக ஓட்டங்கள், ஓடும்போது கண்டிப்பாகக் கழற்றுங்கள். உங்கள் காலடிச் சத்தமும் மூச்சும் உங்கள் காதில் விழ வேண்டும், அதை வைத்துத்தான் இன்றைக்குக் கால் கனமா லேசா என்று தெரியும். 'ஃபர்ஸ்ட் கால்' (முதல் அழைப்பு) காதில் விழாமல் ஈவென்டையே தவறவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரைட்ஸ் முடிந்து, செஸ்ட் நம்பர் குத்தி, கால் ரூமுக்குப் போகும் முன் அந்த ஒரே ஒரு பாட்டு. பிறகு போனை நண்பனிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் போட்டிப் பகுதிக்குள் செல்போனோ ஒலிக்கருவியோ வைத்திருப்பதை உலக தடகள விதிகள் அனுமதிக்கப்படாத உதவி என்றே கணக்கிடுகின்றன. உள்ளூர்ப் போட்டியில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று பழகிவிட்டால், மாநிலப் போட்டியின் கால் ரூமில் இருபது நிமிடம் பாட்டில்லாமல் கை நடுங்கும். கடைசியாகக் கேட்ட பாட்டு எப்படியும் தலைக்குள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் அந்த ஒன்றைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். வாய்க்குள் முணுமுணுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

இதெல்லாம் எவ்வளவு உறுதி என்று கேட்டால், 2020-இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் டெர்ரி தலைமையில் 139 ஆய்வுகளைத் திரட்டி ஒரு தொகுப்பாய்வு வந்தது. இசையால் அதிகம் மாறியது மனநிலை. செயல்திறனில் சிறிய முன்னேற்றம், களைப்பு உணர்வில் அதைவிடச் சிறிய குறைவு. இதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நான் மேலே சொன்ன 116, 84 கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். அந்தப் பையன் அமைதியானதற்கு மெட்டு மட்டும் காரணமா, கண்ணை மூடிக் கால் நீட்டி உட்கார்ந்ததும் காரணமா என்று பிரிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் உண்டு. மாத்திரை ஆய்வில் மருந்தா வெறும் சர்க்கரையா என்று தெரியாமல் கொடுக்கலாம், பாட்டு கேட்கிறவருக்குத் தான் பாட்டு கேட்பது தெரியாமல் செய்ய முடியாது. நம்பிக்கையின் பலன் எவ்வளவு, இசையின் பலன் எவ்வளவு என்ற கோடு அதனால் மங்கலாகத்தான் இருக்கும். அதோடு, வேகம் உச்சத்துக்குப் போகப் போக உடம்பின் வலி இசையை மறக்கடித்துவிடும். கடைசி 150 மீட்டரில் எந்தப் பாட்டும் உங்களைத் தூக்காது. அங்கே தூக்குவது பயிற்சி.

ஆகவே என் ஊகத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள். அடுத்த ஆறு வாரத்தில் வாரம் ஒரு நாள், ஒரே மைதானம், ஒரே நேரம், 600 மீட்டர் டைம் ட்ரயல் (நேரம் பிடித்து ஓடும் சோதனை ஓட்டம்). ஒரு வாரம் உங்கள் மாஸ் பாட்டு, அடுத்த வாரம் மெதுவான பாட்டு, மாற்றி மாற்றி. கோட்டுக்குப் போகும் முன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணி எழுதுங்கள். படபடப்புக்குப் பத்துக்கு ஒரு மார்க் போடுங்கள். நண்பர் ஒருவர் முதல் 200-இன் நேரத்தைப் பிடிக்கட்டும், அதை உங்களிடம் ஓடி முடித்த பிறகே சொல்லட்டும். மெதுவான பாட்டு வாரங்களில் முதல் 200 சீராகி, கடைசி 200 கெடாமல் இருந்தால் என் ஊகம் சரி. இரண்டிலும் ஒரே மாதிரி பறந்து விழுகிறீர்கள் என்றால் குற்றவாளி பாட்டு அல்ல, வேகக் கணிப்பு. அப்போது பயிற்சியாளரிடம் 59 வேகத்தில் 400-களாக ஓடப் பழக வேண்டும். போட்டிக்கு முன் படபடப்போடு நெஞ்சு வலியோ, கண் இருட்டுவதோ, மயக்கமோ இருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இயர்பட்ஸ் பற்றி. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். போனை முழுச் சத்தத்தில் வைத்தால் 100-ஐ எளிதாகத் தொட்டுவிடும், அந்த அளவில் பாதுகாப்பான நேரம் வாரத்துக்கு அரை மணிக்கும் கீழே. ஒவ்வொரு போட்டியிலும் நீங்கள் ஒரே உட்காரலில் அதைத் தீர்த்துவிடுகிறீர்கள். காது இரைந்துகொண்டே ஸ்டார்ட் லைனில் நிற்பதில் எந்த லாபமும் இல்லை. வெளிச்சத்தத்தை முழுசாக அடைக்கிற விலை கூடிய இயர்பட்ஸ் மைதானத்துக்குத் தேவையே இல்லை, அறிவிப்பு கேட்க வேண்டிய இடம் அது. சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். அந்தப் பணத்தில் ஸ்பைக்ஸுக்கு இரண்டு செட் ஆணி வாங்கி வையுங்கள், மண் ட்ராக்குக்கு நீளம், சிந்தெட்டிக்குக் குட்டை. போன போட்டியின் முதல் 200 எத்தனை வினாடி என்று உங்கள் நண்பர்கள் யாராவது பிடித்திருந்தால் அதையும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.